லிவர் வீக்காக இருந்தால் ஆன்டிபயாட்டிக்கைக் குறைக்க வேண்டுமா?

"அக்கா, அப்பாவுக்கு லிவர் வீக்கு. பல் டாக்டர் மூணு வேளைன்னு எழுதியிருக்காரு. ஒரு வேளை மட்டும் குடுத்தாப் போதும்தானே?"

மருந்துக்கடை கவுண்ட்டருக்குப் பின்னால் நிற்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. அன்று கேட்டவருக்கு முப்பது வயதிருக்கும். சீட்டில் அமாக்சிசிலின் 500 மில்லிகிராம், 5 நாளைக்கு 15 கேப்ஸ்யூல். அப்பாவுக்குக் கல்லீரல் சுருங்கிவிட்டது என்று இரண்டு வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்களாம். அவர் கேட்டதில் அக்கறை இருந்தது. கணக்கில்தான் கோளாறு.

"மாத்திரை எல்லாம் சூடு, நேரே கல்லீரலைத்தான் தாக்கும்." "காமாலைன்னா எல்லா மருந்தையும் நிறுத்திட்டுக் கீழாநெல்லி அரைச்சுக் குடு." "பவர் கம்மியான ஆன்டிபயாட்டிக்கா எழுதச் சொல்லு." எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. கல்லீரல் ஒரு மருந்தை என்னதான் செய்கிறது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

## ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கேள்விகள்

முதல் கேள்வி: இந்த மருந்து கல்லீரலைக் கெடுக்குமா?

இரண்டாவது கேள்வி: ஏற்கெனவே கெட்டுப்போன கல்லீரலால், இந்த மருந்து உடம்பில் தங்குவதும் போவதும் மாறுமா?

இரண்டும் வேறு வேறு. அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்த்த மாத்திரை ஒன்று உண்டு. சளி, சைனஸ், பல் என்று எல்லாவற்றுக்கும் எழுதுவார்கள். அதைச் சாப்பிட்ட மிகச் சிலருக்குக் காமாலை வரும். மாத்திரை முடிந்து சில வாரம் கழித்துக்கூட வரலாம். கல்லீரல் நன்றாக இருந்தவருக்கும் வரலாம். அளவைக் குறைத்தால் வராது என்றும் சொல்ல முடியாது. இது முதல் கேள்விக்கான மருந்து.

மெட்ரோனிடசோல் இதற்கு நேர்மாறு. அது கல்லீரலைக் கெடுப்பது அபூர்வம். அமீபாவால் கல்லீரலில் சீழ் கட்டினால் முதலில் கொடுப்பதே அதைத்தான். ஆனால் கல்லீரல் மோசமாகச் சுருங்கியவர் உடம்பில் அது சீக்கிரம் குறையாது. இது இரண்டாவது கேள்விக்கான மருந்து.

இரண்டு கேள்வியும் ஒரே மாத்திரைக்குள் வந்து உட்காருவதும் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் கூட்டு மாத்திரையில் நான்கு மருந்து இருக்கும். அதில் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலை நம்பியிருப்பவை, கல்லீரலைக் கெடுக்கவும் கூடியவை. நான்காவதான எத்தாம்புடால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். அதைக் காமாலை என்று பயந்து மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணின் வெள்ளை மஞ்சளாவது, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுவது, வாந்தி வருவது, இவைதான் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய அறிகுறிகள்.

இனி நாம் பேசப்போவது பெரும்பாலும் இரண்டாவது கேள்வியைத்தான்.

## ஏரிக்கு இரண்டு மதகு

ரத்தத்தில் இருக்கும் மருந்தை ஏரித் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் விழுங்கும் ஒவ்வொரு வேளை மருந்தும் வரத்துக் கால்வாயில் வருகிற தண்ணீர். வெளியே போக இரண்டு மதகு: ஒன்று சிறுநீரகம், இன்னொன்று கல்லீரல். கிருமி சாக வேண்டுமானால் தண்ணீர் ஒரு மட்டத்துக்கு மேல் நிற்க வேண்டும். அதே சமயம் கரையை உடைக்கும் அளவுக்கு ஏறிவிடவும் கூடாது.

கல்லீரல் மதகு அடைத்துக்கொண்டால் ஏரி நிரம்பி வழியுமா? அந்தத் தண்ணீர் எந்த மதகு வழியாகப் போய்க்கொண்டிருந்தது என்பதைப் பொறுத்தது அது. அமாக்சிசிலின், செஃபலெக்சின், மெரோபெனம், லீவோஃப்ளாக்சசின், அமிகாசின் எல்லாம் பெரும்பாலும் சிறுநீரக மதகில் போகிறவை. கல்லீரல் மதகு பழுதானாலும் இவற்றின் மட்டம் பெரிதாக ஏறாது. மெட்ரோனிடசோல், கிளின்டாமைசின், எரித்ரோமைசின், குளோராம்ஃபெனிகால், டைகிசைக்ளின் ஆகியவை கல்லீரல் பக்கம் போகிறவை. செஃப்ட்ரியாக்சோன் இரண்டு பக்கமும் போகும்.

அப்பாவுக்கு எழுதியது அமாக்சிசிலின். சுருங்கிய கல்லீரலைக் காரணம் காட்டி மூன்று வேளையை ஒன்றாக்கினால், ஓடாத மதகுக்காக வரத்தைக் குறைத்த கதைதான். ஏரி வற்றும், கிருமி பிழைக்கும்.

சுருக்கமாக: கல்லீரல் நோய் எல்லா ஆன்டிபயாட்டிக்கையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது, இந்த மருந்து எந்த வழியாக வெளியேறுகிறது என்பதுதான்.

## எண்ணெயும் சீயக்காயும்

சிறுநீரகம் தண்ணீரில் கரைகிற பொருளைத்தான் சுலபமாக வெளியே தள்ளும். எண்ணெய்ப்பசை விரும்பும் மருந்துகள் வடிகட்டியில் இறங்கினாலும் மறுபடி ரத்தத்துக்கே ஊறித் திரும்பிவிடும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வெறும் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், போகாது. சீயக்காய் வேண்டும்.

கல்லீரலில் அந்தச் சீயக்காய் வேலையைச் செய்பவை நொதிகள், அதாவது என்சைம்கள். இவை மருந்தின் உருவை மாற்றித் தண்ணீரில் கரைய வைக்கின்றன. இதற்கு வளர்சிதைமாற்றம் என்று பெயர். இது இரண்டு படியாக நடக்கும். முதல் படியில் மருந்து மூலக்கூறைக் கொஞ்சம் செதுக்குவார்கள். சைட்டோக்ரோம் பி450 என்கிற நொதிக் குடும்பத்தின் வேலை இது. இரண்டாம் படியில் அதோடு தண்ணீரில் கரையும் ஒரு துண்டை ஒட்டுவார்கள். கல்லீரல் சுருங்கும்போது பொதுவாக முதலில் தடுமாறுவது செதுக்கும் வேலை. ஒட்டும் வேலை கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும்.

சீயக்காய் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் ஒரு கொடுமையான வழியில் தெரிந்துகொண்டது. 1950-களில் குறைமாதக் குழந்தைகளுக்குக் குளோராம்ஃபெனிகால் ஊசி போட்டார்கள். சில குழந்தைகள் வயிறு உப்பி, உடம்பு சாம்பல் நிறமாகி இறந்தன. அந்தப் பிஞ்சுக் கல்லீரலில் ஒட்டும் நொதி இன்னும் போதுமான அளவு உருவாகவில்லை. மருந்து போக வழியில்லாமல் வேளைக்கு வேளை குவிந்துவிட்டது. 1959-இல் இது தெளிவாக வெளிவந்தது. கல்லீரலில் நோயே இல்லை, முதிர்ச்சிதான் போதவில்லை. ஆனாலும் விளைவு அதுதான்.

மெட்ரோனிடசோலுக்கு வருவோம். கல்லீரல் மிகவும் கெட்டவர்களில் இதன் அளவு ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. ஆகவே அவர்களுக்கு மருந்தைப் பாதியாக்கச் சொல்கிறார்கள். டைகிசைக்ளினிலும் இதே கதை: முதல் டோஸ் வழக்கமான 100 மில்லிகிராம், அதன்பிறகு 50-க்குப் பதில் 25. கவனியுங்கள், இந்தப் பாதிக் கணக்கு கல்லீரல் மிக மோசமாக இருப்பவர்களுக்கு. கொழுப்புக் கல்லீரல் என்று ஸ்கேனில் வந்தவர்களுக்கு இல்லை. கல்லீரல் கையிருப்பு நிறைய வைத்திருக்கும் உறுப்பு. கொஞ்சம் பழுதானதும் மருந்து தேங்கிவிடாது.

## பித்தம் போகும் பாதை

கல்லீரல் சில மருந்துகளை மாற்றுவதே இல்லை. அப்படியே பித்தத்தில் கலந்து குடலுக்கு அனுப்பிவிடும். செஃபோபெரசோன் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. செஃப்ட்ரியாக்சோனில் ஒரு பகுதி இப்படிப் போகும், மீதி சிறுநீரில். பித்தக்குழாய் அடைத்தால் செஃப்ட்ரியாக்சோனுக்குச் சிறுநீரகம் கை கொடுத்துவிடும். ஆகவே கல்லீரல் மட்டும் கெட்டிருந்தால் அதன் அளவை மாற்றுவதில்லை. இரண்டு மதகும் சேர்ந்து அடைத்தவருக்குத்தான் உச்சவரம்பு வைக்கிறார்கள்.

அடைப்பில் வேறொரு சங்கடமும் இருக்கிறது. கல் சிக்கிய பித்தக்குழாயில் கிருமி பெருகிக் குளிர்காய்ச்சல் வருகிறது என்று வையுங்கள். மருந்து ரத்தத்தில் போதுமான அளவு இருக்கும், ஆனால் தேங்கிக் கிடக்கும் பித்தத்துக்குள் சரியாக இறங்காது. எனவேதான் ஆன்டிபயாட்டிக் போட்டுக்கொண்டே எண்டோஸ்கோப்பி செய்து அடைப்பையும் எடுக்கிறார்கள். "ஊசி போட்டா சரியாகாதா, எதுக்கு டியூப் எல்லாம்?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு இதுதான் பதில்.

செஃபோபெரசோனைப் பற்றி இன்னொரு விஷயம். ரத்தம் உறையத் தேவையான பொருள்களைக் கல்லீரல்தான் செய்கிறது, அதற்கு வைட்டமின் கே வேண்டும். இந்த மருந்து வைட்டமின் கேயின் வேலையில் கை வைக்கும். ஏற்கெனவே உறைதல் மந்தமாக இருக்கும் கல்லீரல் நோயாளிக்கு ரத்தக்கசிவு வரலாம் என்பதால் உறைதல் பரிசோதனையைப் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள்.

## டோல்கேட்டும் பைபாஸும்

விழுங்கிய மாத்திரை குடலில் உறிஞ்சப்பட்டதும் நேராக உடம்பெங்கும் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகிறது. நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் கல்லீரலுக்கு வருகிறது, அதில் முக்கால் பங்கு இந்த வழியில்தான். கல்லீரல் அங்கேயே ஒரு பகுதி மருந்தைப் பிடித்துக்கொள்கிறது. டோல்கேட்டில் காசு வாங்கிக்கொண்டு விடுகிற மாதிரி. இதை முதல்கட்டக் கழிவு எனலாம். கல்லீரல் இறுகிப்போனால் ரத்தம் சுற்றிக்கொண்டு புதுக் குழாய்களில் பாயும். டோல்கேட்டைத் தவிர்க்கும் கிராமத்துச் சாலைகள் அவை. உணவுக்குழாயில் புடைத்து நின்று, உடைந்தால் ரத்த வாந்தி எடுக்க வைப்பதும் அந்தப் பக்கப் பாதைகள்தான்.

பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குகளுக்கு இந்த டோல்கேட்டில் பெரிய கட்டணம் கிடையாது, ஆகவே இதை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. ஒரு விஷயம் மட்டும் சுவாரசியம். ரிஃபாக்சிமின் என்ற ஆன்டிபயாட்டிக் குடலைத் தாண்டி ரத்தத்தில் ஏறுவதே மிகச் சொற்பம். அதைக் கல்லீரல் நோயாளிகளுக்கு மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள். கல்லீரல் வடிகட்டத் தவறிய நச்சு மூளைக்கு ஏறிப் பிதற்றலும் மயக்கமும் வருவது கல்லீரல் மூளை பாதிப்பு. அந்த நச்சில் பெரும்பங்கைத் தயாரிக்கும் குடல் கிருமிகளை அடக்கவே இந்த மாத்திரை. கல்லீரல் நோய்க்கு ஆன்டிபயாட்டிக்கே ஆகாது என்பவர்களிடம் இந்தச் சீட்டைக் காட்ட வேண்டும்.

## பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் மருந்து

ஆல்புமின் என்பது ரத்தத்தில் ஓடும் புரதம். கல்லீரல் மட்டுமே அதைச் செய்கிறது. பல மருந்துகள் பஸ்ஸில் ஏறுவதுபோல ஆல்புமினில் ஒட்டிக்கொண்டு பயணம் போகின்றன. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் மருந்து கிருமியைக் கொல்லாது, வெளியேயும் போகாது. இறங்கி நடக்கும் மருந்துக்குத்தான் வேலை நடக்கும். செஃப்ட்ரியாக்சோனில் 85 முதல் 95 சதவீதம் பஸ்ஸில்தான் இருக்கும்.

கல்லீரல் கெட்டால் பஸ்கள் குறையும். தெருவில் நடக்கும் மருந்து கூடும். அப்படியானால் வேகம் அதிகமா, ஆபத்தா? இரண்டும் முழு உண்மை இல்லை. தெருவில் நடப்பவர்கள் மதகை நோக்கியும் சீக்கிரம் நடந்துவிடுவார்கள். மருந்து வேகமாக வேலை செய்து, வேகமாகத் தீர்ந்துபோகவும் கூடும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை பெரும்பாலும் பஸ்ஸில் இருப்பவர்களையும் சேர்த்தே எண்ணும். அந்த மொத்தக் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம்.

## ஏரி அகலமானால்

ஆல்புமின் குறைவதும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுவதும் சேர்ந்து வயிற்றில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். பழைய பெயர் மகோதரம். சிலருக்குப் பத்து லிட்டர்கூடச் சேரும். இப்போது அதே ஏரி பக்கத்துப் பள்ளத்தையும் சேர்த்துக்கொண்டு அகலமாகிவிட்டது. அதே அளவு தண்ணீரை விட்டால் ஆழம் குறைவாகத்தானே இருக்கும்? உடம்பில் மருந்து பரவும் இந்த அகலத்துக்குப் பரவல் கொள்ளளவு என்று பெயர். தண்ணீரில் எளிதாகக் கரையும் மருந்துகளுக்கு முதல் டோஸ் சில சமயம் அதிகமாகவே தேவைப்படுவது இதனால்தான். குறைக்க வேண்டும் என்று நாம் நினைக்கும் நேரத்தில், கூட்டுவது சரியாக இருக்கக்கூடும்!

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. அந்த வயிற்று நீரில் கிருமி புகுந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. நோயாளிக்குக் காய்ச்சல்கூட இருக்காது. கொஞ்சம் சோர்வு, கொஞ்சம் குழப்பம், அவ்வளவுதான். ஊசியால் நீரை எடுத்துப் பார்த்து, ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் 250-ஐத் தொட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திருக்காமல் ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடுவார்கள். பெரும்பாலும் செஃபோடாக்சிம் அல்லது செஃப்ட்ரியாக்சோன், முழு அளவில். கூடவே ஆல்புமினையும் நரம்பில் ஏற்றுவார்கள். ஸ்பெயினில் நடந்து 1999-இல் வெளிவந்த ஆய்வில், ஆன்டிபயாட்டிக் மட்டும் பெற்றவர்களில் 33 சதவீதத்தினருக்குச் சிறுநீரகம் கெட்டது. ஆல்புமினும் சேர்த்துப் பெற்றவர்களில் 10 சதவீதத்தினருக்கு.

இதுவரை பார்த்ததை ஒன்றாக வைத்தால்: மதகு அடைத்தால் மட்டம் ஏறும், ஏரி அகலமானால் மட்டம் இறங்கும், பஸ் குறைந்தால் தெருவில் கூட்டம் கூடும். ஒரே நோயாளியிடம் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கலாம். "லிவர் வீக்கு, பாதி குடு" என்ற ஒற்றை வரியில் இது அடங்காது.

## யாரும் கேட்காத சிறுநீரகம்

மேலே ஆய்வில் சிறுநீரகம் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். கல்லீரல் சுருங்கியவர்களுக்குச் சிறுநீரகம் எப்போதும் விளிம்பில்தான் நிற்கும். ரத்த ஓட்டம் குடல் பக்கமே தேங்கிவிடுவதால் சிறுநீரகத்துக்குப் பங்கு குறையும். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகள் கல்லீரலை ஒன்றும் செய்யாது. ஆனாலும் கல்லீரல் மருத்துவர்கள் அவற்றைக் கூடியவரை தவிர்ப்பதற்குக் காரணம் சிறுநீரகம்தான்.

சரி, கிரியாட்டினின் பார்த்தால் தெரிந்துவிடுமே? முழுவதும் தெரியாது. கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. அதன் மூலப்பொருளைச் செய்வதில் கல்லீரலுக்கும் பங்கு உண்டு. கல்லீரல் கெட்டு, கைகால் மெலிந்து, தசையே கரைந்துபோனவருக்குக் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு. குப்பையே குறைவாக விழும் தெருவைப் பார்த்துவிட்டுத் துப்புரவு நன்றாக நடக்கிறது என்று சொல்ல முடியுமா? 0.9 என்று ரிப்போர்ட்டில் வந்தாலும் சிறுநீரகம் பாதி வேலைதான் செய்துகொண்டிருக்கலாம். அமாக்சிசிலின் போன்ற மருந்துக்கு உண்மையில் அளவைக் குறைக்க நேர்ந்தால், பெரும்பாலும் இந்தப் பக்கத்திலிருந்துதான் காரணம் வரும்.

## அந்த ரிப்போர்ட்

அன்று நான் மகனிடம் கேட்டது, "அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை கடைசியா எப்ப எடுத்தீங்க?" மறுநாள் சாயங்காலம் ஃபைலோடு வந்தார். முகத்தில் நிம்மதி. "எஸ்.ஜி.பி.டி. 38தான் அக்கா, நார்மல். லிவர் சரியாயிடுச்சு போல."

லிவர் ஃபங்ஷன் டெஸ்ட் என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இரண்டும் கல்லீரல் செல் உடையும்போது ரத்தத்தில் கசிகிற நொதிகள். வீடு எரிகிறதா என்று சொல்லும் புகை அவை; சமையல் நடக்கிறதா என்று சொல்லாது. எரிந்து முடிந்த வீட்டில் புகை வராது.

கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஓரளவு சொல்வது வேறு எண்கள். 1964-இல் சைல்டும் டர்காட்டும் தொடங்கி, 1973-இல் பியூ திருத்திய கணக்கு ஒன்று உண்டு, சைல்ட்-பியூ மதிப்பெண் என்பார்கள். பிலிருபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறப்பொருள்), ஆல்புமின், ரத்தம் உறையும் வேகம், வயிற்று நீர், மனக்குழப்பம் என ஐந்துக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 5, 6 என்றால் ஏ. 7 முதல் 9 வரை பி. 10-க்கு மேல் போனால், 10-ஐயும் சேர்த்து, சி. மருந்து அட்டைக் குறிப்புகளில் "கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்" என்று வருவது பொதுவாக இந்த சி-யைத்தான்.

ஃபைலைப் புரட்டினேன். பிலிருபின் 2.6: இரண்டு. ஆல்புமின் 2.6: மூன்று. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.8: இரண்டு. வயிற்றில் லேசாக நீர்: இரண்டு. குழப்பம் இல்லை: ஒன்று. மொத்தம் 10. அந்த நார்மல் எஸ்.ஜி.பி.டி.க்குச் சொந்தக்காரர் சி பிரிவில் இருந்தார். கிரியாட்டினின் 0.9, ஆனால் அப்பாவின் கை எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, மகன் தன் இரண்டு விரலை வளையமாக்கிக் காட்டினார்.

முடிவு சொல்லும் இடம் என் கவுண்ட்டர் இல்லை. ஃபைலோடும் வீட்டில் இருக்கும் எல்லா மருந்தோடும் கல்லீரல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வந்து சொன்னார். அமாக்சிசிலினை மருத்துவர் மாற்றவில்லை, மூன்று வேளையையும் குறைக்கவில்லை. சிறுநீரகத்தை மட்டும் மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தார். உடனே நிறுத்தச் சொன்னது சீட்டிலேயே இல்லாத ஒன்றை: பல்வலிக்கு வேறு கடையில் கேட்டு வாங்கி, நாளைக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டிருந்த டைக்ளோஃபெனாக். விளிம்பில் நிற்கும் சிறுநீரகத்துக்குப் போகும் கொஞ்ச ரத்தத்தையும் அது சுருக்கிவிடும்.

"பாரசிட்டமால் லிவருக்கு ஆகாதுன்னு சொன்னாங்களேன்னுதான் அக்கா இதை வாங்கினோம்" என்றார். அதற்குப் பதிலாக மருத்துவர் எழுதியிருந்தது பாரசிட்டமால்தான், ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல் போகாமல்.